காளியாத்தாள் என்கிற ராசாத்தாள்

1

ஆறு மணிக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். பிரிட்ஜ் மேலிருந்த ஜெராக்ஸ் தாளை எடுத்துத் தூசி தட்டி, அதே இடத்தில் வைத்தேன். குளித்தேன்.

இந்தக் கதை அந்தத் தாளிலிருந்து வந்தது. தாள், என் மனைவி நந்திதா தேடி எடுத்தது. அவள் இறந்து ஏழு மாதம்.

2

'கொங்கு மண்ணில் பெண்களின் பெயர்கள் என்பவை...' (அடித்துவிட்டேன். கட்டுரைப் போட்டி வாசனை.)

குலக்கோயில் கும்பாபிஷேக மலரில் எங்கள் குடும்ப வரலாறு வருகிறது. என் கொள்ளுப்பாட்டிக்கு நிலப்பத்திரத்தில் பெயர் ராசாத்தாள். இறப்புச் சான்றிதழில் காளியாத்தாள். மலர் தயாரிக்கும் பெரியப்பா பொங்கியண்ணன், 'காளியாத்தாள் என்கிற ராசாத்தாள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நந்திதா விடவில்லை. நாலு நடை நடந்து இன்னொரு இறப்புப் பதிவை எடுத்து வந்தாள். 1934. ராசாத்தாள், வயது 22, பிரசவம்.

ஆக, கொள்ளுத்தாத்தாவுக்கு மனைவிகள் இருவர். இரண்டாவதாக வந்தவளையும் மூத்தவள் பெயராலேயே கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டு வழக்கமாம். செத்தவளுக்குச் சாவைக்கூடத் தராத வழக்கம்.

3

பெரியப்பாவை நல்லவராக எழுதிப் பார்த்தேன். (வரவில்லை.) போன வாரம் ஆர்.எஸ்.புரத்தில், அவர் வீட்டில் நடந்தது:

"நீ குடுத்த தாளு எங்கயோ போயிருச்சு கண்ணு. போனாப் போகுது. எங்கய்யனுக்கு ரெண்டு ஆத்தான்னு போட்டாச் சனம் சிரிக்காதா?"

அச்சுக்குப் போகும் பக்கத்தைக் காட்டினார். மனோஜ்குமார் என்று என் பெயர். பக்கத்தில் வெற்றிடம்.

"நந்திதா பேரு எங்கீங்க பெரியப்பா?"

"வெள்ளகோவில்ல ஒரு பொண்ணு பாத்திருக்குது. முடிஞ்சதும் போட்டுக்கலாம்னு எடம் உட்டு வெச்சிருக்கேன். மலரு நூறு வருசம் இருக்கோணுமல்ல?"

நான் அவர் சட்டையை (இந்த வாக்கியத்தை முடித்தால் என்மேல் வழக்கு வரும்.)

4

நாளை மலர் அச்சுக்குப் போகிறது.

முடிவு ஒன்று: ஜெராக்ஸோடு அச்சகத்துக்குப் போகிறேன். ராசாத்தாள், காளியாத்தாள், நந்திதா. மூன்று பெயர், மூன்று வரி.

முடிவு இரண்டு: வெள்ளகோவிலுக்குப் போகிறேன்.

எதையும் நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டு மலரில் யாருக்கு இடம் விட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நந்திதாவின் கடைசி வார்த்தையாக, 'என் பெயரை அழிய விடாதீங்க' என்று ஒன்று எழுதியிருந்தேன். பொய். அவள் அப்படிப் பேசுகிறவளே அல்ல. அன்று மதியம் அவள் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. காலையில், மதுக்கரைக்கு வேலைக்குக் கிளம்பிய என்னிடம் அந்தத் தாளைக் கொடுத்து அவள் சொன்னது இதுதான்:

"ஏனுங்க, உங்க பெரியப்பாகிட்டக் குடுக்கறதுக்கு மின்ன ஒரு ஜெராக்ஸ் எடுத்துருங்க. அவரு பத்தரமாத் தொலைச்சுப்போடுவாரு."