ஹென்றி கேட்ட கேள்வி

பிலிப்பைன்ஸில், இலோயிலோ ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடம் நர்ஸாக இருந்தவள் மிண்டா. பயிற்சி டாக்டர்கள் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் மருந்து எழுத மாட்டார்கள். அப்பேர்ப்பட்டவளுக்குக் கனடாவின் வினிபெக்கில் ஒரு பொய் நோயாளியிடம் தேறிக் காட்ட வேண்டிய தலையெழுத்து. இங்கே வந்து ஆறு வருடமாக முதியோர் இல்லத்தில் உதவியாள் வேலை. குளிப்பாட்டலாம், ஊட்டலாம், ஊசியைத் தொடக் கூடாது. இந்தப் பரீட்சையில் தேறினால்தான் மறுபடி நர்ஸாவதற்கான படிப்பில் இடம். இரண்டே வாய்ப்பு.

ஆசிரியை டார்லீன் அந்தக் கனத்த மெய்நிகர் கண்ணாடியை மாட்டிவிட்டதும் கல்லூரி அறை மறைந்து ஆஸ்பத்திரி வார்டு விரிந்தது. கட்டிலில் ஹென்றி என்ற கிழவர், ஆபரேஷன் முடிந்தவர், மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். நிஜமில்லை என்று தெரிந்தும் மிண்டா கட்டிலருகே விரைந்தாள்.

"யாரும்மா அது? நீங்க நர்ஸா?"

"இல்லைங்கய்யா, நான் உதவியாள்தான். இருங்க, நர்ஸைக் கூட்டிட்டு வரேன்" என்று வாசலைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தவள், கல்லூரிச் சுவரில் போய் முட்டிக்கொண்டாள்.

அடுத்த முறைக்குக் காத்திருந்த ரோவெனா, அதே இல்லத்தில் வேலை பார்ப்பவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அக்கா! எந்த நர்ஸைத் தேடிப் போற? அங்க நீதானே நர்ஸ்!"

மிண்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன செய்வாள் பாவம்! நர்ஸ் பதிவு இல்லாதவள் தன்னை நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள இங்கே சட்டம் விடாது. இல்லத்துக் கிழவர்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பார்கள். பத்துத் தடவையும் இல்லை என்பாள். சொல்லிச் சொல்லி நாக்கு அதற்கே பழகிவிட்டது. பாழாய்ப்போன சட்டம் வாயைக் கட்டலாம், மனதில் கிடந்து துடிக்கிற ஆசையை என்ன செய்யும்?

"இதுதான் கடைசி வாய்ப்பு மிண்டா. பதறாம செய்யுங்க" என்றாள் டார்லீன்.

மறுபடி வார்டு. அதே திணறல், அதே கேள்வி.

"ஆமாங்கய்யா" என்றாள். "நான்தான் உங்க நர்ஸ். பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல."

அதன் பிறகு கை தானாக ஓடியது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள், ஆக்சிஜன் முகமூடியை மாட்டினாள், டாக்டரைக் கூப்பிட்டு நாலே வரியில் நிலவரம் சொன்னாள். ஹென்றியின் மூச்சு சீரானது. "நல்ல நர்ஸும்மா நீங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"தேறிட்டீங்க!" டார்லீன் கைதட்டினாள். "கழட்டுங்க, கழட்டுங்க."

மிண்டா கழற்றவில்லை. படிப்பு ஒன்றரை வருடம், அப்புறம் பதிவுப் பரீட்சை. அதுவரை வெளியே யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணாடிக்குள் கண்ணீர் முட்டி வார்டு மங்கியது.

"அக்கா, என் முறை வந்தாச்சு. கழட்டேன்!"

"இருடி, ஒரே ஒரு நிமிஷம்" என்றாள் மிண்டா. "அவர் இன்னொரு தடவை கேக்கட்டும்."