மூணாவது தடவை கூப்பிட்டவர்

ஆபீசில் அவளுக்குத் தேன்குரல் என்று பேர். ஃபிரிட்ஜ் விற்கிற கம்பெனி. ஃபிரிட்ஜ் படுத்துவிட்டது என்று கத்துகிறவர்களிடம் ஃபோனில் தேனாகப் பேசுவது அவள் வேலை, அதுவும் வீட்டிலிருந்தபடியே. ஃபோனை வைத்த பிறகு அந்தத் தேன் எங்கே போகிறது என்று உள் அறையில் இடுப்பெலும்பு உடைந்து படுத்திருக்கிற அப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

அண்ணன் ஒருத்தன் இருக்கிறான். அப்பாவை ஃபோனிலேயே பார்த்துக்கொள்கிற புண்ணியவான். "மாத்திரை போட்டாரா? தண்ணி நிறைய குடிக்கச் சொல்லு" என்று அங்கிருந்தே டாக்டர் வேலை பார்ப்பான். மாத்திரையைக் கொடுப்பதும், குடித்த தண்ணீர் வெளியே வரும்போது பாத்திரத்தைப் பிடிப்பதும் இவள். அதற்கு மேல் முழு ஷிஃப்ட். மிச்ச நேரத்தில், அப்படி ஒன்று இருந்தால், டிப்ளமோ படிப்பு.

எதற்கு இந்தத் தலைவலி? பயிற்சிப் பிரிவில் ஓர் இடம் காலியாகிறது. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. யாரிடமும் திட்டு வாங்க வேண்டாம், சாயங்காலமானால் ஹெட்செட்டைக் கழற்றி வீசிவிடலாம். ஆனால் டிப்ளமோ இருந்தால்தான் கிடைக்கும். எழுத்துத் தேர்வெல்லாம் தேறியாயிற்று. பாக்கி இருந்தது வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். அதைக் கோட்டைவிட்டால் அந்த நாற்காலி வேறொருத்திக்கு.

தேர்வன்று காலையில் மட்டும் வந்து அப்பா பக்கத்தில் உட்கார் என்று அண்ணனிடம் ஒரு வாரமாகக் கெஞ்சியிருந்தாள். லேப்டாப்பைத் திறக்கப் போகிற நேரத்தில் கூப்பிட்டான்.

"வண்டி பஞ்சர்ம்மா. நீ நல்லா எழுது."

"எழுதறதில்லண்ணா, பேசறது!"

"சரி, நல்லா பேசு." வைத்துவிட்டான்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். "கொஞ்ச நேரம்ப்பா. வீடே இடிஞ்சு விழுந்தாலும் கூப்பிடாதீங்க."

"நான் எதுக்கும்மா கூப்பிடப் போறேன்?" என்றார் அப்பா, ரொம்ப நல்ல பிள்ளையாக.

லேப்டாப் திரையில் தேர்வு வைக்கிறவர்கள் மூன்று பேர். முதல் இரண்டு கேள்விகளுக்கு அவள் மடமடவென்று பதில் சொன்னாள். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள் மூன்றாவதைக் கேட்டார்: "ஒரே புகாருக்கு மூணாவது தடவை கூப்பிடுற வாடிக்கையாளர்கிட்ட எப்படிப் பேசுவீங்க?"

அடடா, இதில்தானே அவள் பழம் தின்று கொட்டை போட்டவள்! வாயைத் திறக்கிறாள், உள்ளேயிருந்து குரல்: "அம்மாடி! என் கண்ணாடியக் காணோம்!"

ஆபீஸ் ஹெட்செட்டில் ஒரு குட்டி விளக்கு உண்டு. சிவப்பு எரிந்தால் வாடிக்கையாளர் காதில் விழுகிறது, வாயை அடக்கு. பச்சை என்றால் விழாது, இஷ்டத்துக்குப் பேசிக்கொள். மூன்று வருஷமாக அவளுக்கு அதுதான் பழக்கம். திரையின் ஓரத்தில் மைக் பட்டனைப் பார்த்தாள். பச்சை. அப்பாடா என்று உள்பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"கண்ணாடி உங்க நெத்தி மேலயே இருக்குப்பா! இங்க மூணு பேர் உக்காந்து என் கழுத்தை அறுத்துக்கிட்டு இருக்காங்க, நீங்க வேற உயிரை வாங்காதீங்க!"

பிறகு பட்டனைத் தட்டினாள். சிவப்பு வந்தது. தேன்குரலும் வந்தது.

"மூணாவது தடவை கூப்பிடுறவர்கிட்ட வருத்தம் தெரிவிக்கவே கூடாதுங்க. அதை ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் வந்திருப்பார். கதையையும் முதல்ல இருந்து சொல்லச் சொல்லக் கூடாது. பழைய குறிப்பை நாமளே படிச்சுட்டு, 'தப்பு எங்க பக்கம்'னு ஒத்துக்கணும். அப்புறம், நானே உங்களைத் திரும்பக் கூப்பிடுறேன்னு சொல்லணும், சொன்னபடி கூப்பிடணும்."

இவ்வளவு நன்றாக அவள் வாழ்நாளில் பேசியதில்லை. நடுவிலிருந்த அம்மாள் கையைக் கையை ஆட்டினார். அசத்துகிறேன் போலிருக்கிறது என்று நினைத்து, தெம்பாக இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னாள்.

முடித்த பிறகுதான் திரையின் கீழே வந்திருந்த வரியைப் பார்த்தாள். 'உங்கள் குரல் கேட்கவில்லை.'

இந்தப் பாழாய்ப்போன திரையில் எல்லாம் தலைகீழ். இங்கே பச்சை என்றால் ஊருக்கே கேட்கும், சிவப்பு என்றால் ஒருத்தருக்கும் கேட்காது. கழுத்தறுப்பு மூன்று பேருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது, பதில்தான் சேரவில்லை. பதறிப்போய் பட்டனைத் தட்டி, "இன்னொரு தடவை சொல்லிடறேங்க, ப்ளீஸ்" என்றாள்.

"நேரம் முடிஞ்சுடுச்சும்மா. அடுத்த தேர்வு ஆறு மாசம் கழிச்சு. உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றார் அந்த அம்மாள்.

அவள் நாளெல்லாம் ஃபோனில் சொல்கிற அதே வாக்கியம். அதைக் கேட்கிறவர்களுக்கு ஏன் அப்படிப் பற்றிக்கொண்டு வருகிறது என்று அவளுக்கு அன்றுதான் புரிந்தது.

உள்ளேயிருந்து அப்பா, "மூணாவது தடவை கூப்பிடுறவனுக்குச் சொன்னியே, பிரமாதம்மா!" என்றார்.

"நீங்க மார்க் போட்டு என்னப்பா ஆகப் போகுது?"

"நான் கூப்பிட்டதாலயா?"

ஆமாம் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அவர் மேல் அத்தனை கோபம் வந்தது. படுத்துக் கிடக்கிற மனுஷன் கண்ணாடி கேட்டது ஒரு குற்றமா என்று நினைத்தபோது கோபம் இன்னும் கூடியது. "இல்லப்பா. அந்த விளக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அழக்கூட நேரமில்லை, ஷிஃப்ட் ஆரம்பித்துவிட்டது. ஹெட்செட்டை மாட்டினாள். சிவப்பு எரிந்தது.

"இது மூணாவது தடவைம்மா!" என்று எடுத்த எடுப்பிலேயே ஒருவர் பாய்ந்தார். "ஃபிரிட்ஜுல வெச்சதெல்லாம் அழுகிப்போச்சு. கூப்பிடுற ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து கதை சொல்லணுமா?"

கம்பெனி வாக்கியத்தைச் சொல்லாவிட்டால், அழைப்பைக் கேட்கிற ஆபீஸ்காரர்கள் மார்க் குறைப்பார்கள். வாய் தானாக ஆரம்பித்தது. "மூணாவது தடவையா சார்? உங்கள் சிரமத்துக்கு..."

"அது வேண்டாம்மா!" உள்ளேயிருந்து அப்பா அலறினார். "காலைல சொன்னியே, அதைச் சொல்லு!"

சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் இருந்தவருக்கும் அது கேட்டுவிட்டது. "யாரும்மா அது?"

போகிற மார்க் போகட்டும் என்று பழைய குறிப்புகளைத் திறந்து படித்தாள். "நீங்க பேசின ரெண்டு தடவையும் இதுல எழுதியிருக்கு சார். வர்றேன்னு சொன்ன ஆள் ரெண்டு தடவையும் வரல. தப்பு எங்க பக்கம்தான். ஆளை அனுப்பிட்டு நானே உங்களைக் கூப்பிடுறேன்."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "இவ்வளவு நாளா எங்கம்மா இருந்தீங்க?"

"இங்கேதான் சார் இருந்தேன்." அவர் நம்பரைக் குறித்துக்கொண்டாள். "இனிமேலும் இங்கேதான் இருப்பேன்."