தமிழ்வாணனுக்கு வாங்கிய தொலைநோக்கி

வரப்போகும் கணவனுக்குப் பரிசு வாங்க சியாமளா இரண்டு சனிக்கிழமைகளைச் செலவழித்தாள். 2002-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். நிச்சயதார்த்தம் முடிந்து, தையில் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். தமிழ்வாணன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். அவன் அப்பாவுக்கு நாலு லாரி ஓடியது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாகச் சவுக்குத் தோப்பும் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்றே, தனக்கு ரைஃபிள் சுடுவதுதான் பொழுதுபோக்கு என்று சொல்லியிருந்தான். மூச்சைப் பிடித்துக் காகிதத்தில் ஒரு புள்ளியைக் குறி வைக்கிறவன் நிதானமானவனாகத்தான் இருப்பான் என்று அவள் நம்பினாள்.

அவளோடு வேலை பார்த்த ஷபானா கல்லூரியில் என்.சி.சி. சார்பாக மாநிலப் போட்டி வரை போனவள். அவளிடம் யோசனை கேட்டதும் முதலில் ஜாக்கெட்டும் கையுறையும் வேண்டாம் என்றாள். உடம்புக்கு அளவெடுத்துத் தைக்காத ஜாக்கெட் தோளைப் பிடிக்கும், கையுறை ஒரு சுற்றுப் பெரிதானாலும் துப்பாக்கி நழுவும். காதுக்கவசம் அவனிடம் கட்டாயம் இருக்கும். சின்னத் தொலைநோக்கி ஒன்று வாங்கிக் கொடு, ஐம்பது மீட்டர் தள்ளி அட்டையில் குண்டு எங்கே பட்டது என்று எழுந்து போகாமலே பார்க்கலாம் என்றாள். சென்னையில் கடை கடையாக ஏறி, மூன்று கால் ஸ்டாண்டு வைத்த ஒன்றைச் சியாமளா தேர்ந்தெடுத்தாள். கடைக்காரர் எதிர்க்கட்டிடத்தில் ஒட்டியிருந்த சுவரொட்டியைக் காட்டிப் படிக்கச் சொன்னார். அடியில் இருந்த அச்சகத்தின் பெயர் வரைக்கும் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோப்பு வீட்டில் மதியச் சாப்பாடு. அவன் அம்மா சாரதாம்பாள் இறால் தொக்கு செய்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் தமிழ்வாணன் பரிசைப் பிரித்தான். முகமெல்லாம் சிரிப்பு. உடனே காற்றுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, வா, காட்டுறேன் என்று அவளைத் தோப்புக்குள் அழைத்துப் போனான்.

ஒரு மரத்தில் வட்டம் போட்ட அட்டை தொங்கியது. வெயிலில் வெளுத்திருந்த அதில் ஒரு ஓட்டைகூட இல்லை. அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பம்பு செட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பாக்கெட் பிஸ்கட்டை உடைத்துக் கொட்டிவிட்டு வந்து, மணலில் படுத்துக்கொண்டு சீழ்க்கை அடித்தான்.

சவுக்கு மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு நாய் வந்தது. பின்னங்கால் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தது.

"அட்டையில சுட்டு இன்னா கீது? நகுந்துக்கினு இருக்கிறதை அடிச்சாதான் கை படியும்" என்றான். தொலைநோக்கியைத் திருப்பி அவளிடம் காட்டினான். "பாரு. போன வாரம் காதுல பட்டது அப்படியே தெரியுது. சூப்பர் ஐட்டம் வாங்கினு வந்திருக்க."

என்ன சொல்கிறான் என்று புரிவதற்குள் அவள் குனிந்து கண்ணை வைத்துவிட்டாள். ஒரு காது பாதி இல்லை. அந்த இடத்தில் சீழ் கட்டி, அதற்குள் புழு நெளிந்தது. இடது கண் மூடி ஒட்டியிருந்தது. முதுகில் ஆறியதும் ஆறாததுமாகப் பொட்டுப் பொட்டாகப் புண். கடையில் அச்சகத்தின் பெயர் தெரிந்த அதே துல்லியத்தில் எல்லாம் தெரிந்தது. சீழ்க்கைச் சத்தம் வந்த பக்கம் தலையைத் தூக்கி நாய் வாலை ஆட்டியது.

சியாமளா தொலைநோக்கியை விட்டு எழுந்தாள். மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தியெடுத்தாள். நிமிர்ந்தபோது அவன் துப்பாக்கிக் குழலை மடக்கிக் குண்டு போட்டுக்கொண்டிருந்தான். அவள் மணலை வாரி நாயின் பக்கம் எறிந்து கத்தினாள். நாய் நொண்டிக்கொண்டே ஓடி மறைந்தது.

"தெருநாய்ம்மா அது. அதுக்குப் போயி பேஜாரு பண்ற."

"பிஸ்கட் போட்டுக் கூப்பிட்டு... சீ. என் பக்கத்துல வராதீங்க."

தொலைநோக்கியைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். சாரதாம்பாள் மகனைத் திட்டுவாள் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தாள். அந்த அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, பிள்ளைக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் இல்லை, குடி கிடையாது, சிகரெட் கிடையாது, இதைப் பெரிது பண்ணாதே என்றாள். மூலையில் பிஸ்கட் பாக்கெட்டுகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. அதைப் பார்த்ததும் அவள் படியிறங்கிவிட்டாள்.

அணுபுரத்து வீட்டில், கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னதை அவள் அப்பா திருநாவுக்கரசு முதலில் கேட்டுக்கொள்ளவில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது, ஒரு நாய்க்காகச் சம்பந்தத்தை முறிப்பதா என்றார். அவள் வாதாடவில்லை. நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்கப்புறமும் கட்டிக்கச் சொன்னால் கட்டிக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை அவர் ஸ்கூட்டரில் தோப்புக்குப் போனார். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தவர் செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு, குழாயடியில் நின்று முழங்கால் வரை கழுவினார். காபியை நீட்டியபோது வேண்டாமென்று கையை ஆட்டினார். பம்பு செட்டுக்குப் பின்னால் நாற்றம் வந்த பக்கம் போய்ப் பார்த்தாராம். செத்தது ஒன்றல்ல. மூன்றாவதோடு எண்ணுவதை விட்டுவிட்டாராம். பல்லில் பிஸ்கட் ஒட்டியபடியே ஒரு குட்டி கிடந்ததைச் சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பிறகு அச்சகத்துக்குப் போன் போட்டு, அடித்தது வரைக்கும் போதும், நிறுத்துங்கள் என்றார். அடுத்த போன் தமிழ்வாணனின் அப்பா லாரிக்காரருக்கு. பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது சாக்குச் சொல்வார் என்று சியாமளா நினைத்தாள்.

"உங்க பையனுக்கு என் பொண்ணு கிடையாது. காரணத்தை உங்க தோப்புல போய்ப் பாருங்க" என்று சொல்லி ரிசீவரை வைத்தார்.