அழிக்கக் கூடாது

“அப்பா, அடுத்தவங்க பேப்பர் எல்லாம் நம்ம வீட்ல ஏன் இருக்கு?”

ஏழு வயதில் கௌசல்யா கேட்டது. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, யாருடைய ரேஷன் கார்டையோ தேடிக்கொண்டிருந்த குற்றாலலிங்கம் நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னார்.

“அவங்க வீட்டுக் கூரை ஒழுகும் மக்களே. நம்ம கூரை ஒழுகாதுல்லா.”

இன்று அதே கட்டிலில் உட்கார்ந்து, அப்பாவின் மடிக்கணினியை மடியில் வைத்து, கௌசல்யா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பா கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். விடிகாலை நாலரைக்கு மூச்சு நின்றது. இப்போது மணி பதினொன்று.

பக்கத்து வீட்டு ஷிபு வாசல்படியில் நின்று மூன்றாவது முறையாகக் கேட்டான். “சேச்சி, ஆதார் கிட்டியோ? சாந்திகவாடம் சுடுகாட்டுல மூணு மணிக்கு டைம் எடுத்திருக்கு. காப்பி இல்லாம ரசீது போடமாட்டா, கேட்டோ.”

“தேடிட்டுத்தானே இருக்கேன் ஷிபு!”

ஃபோல்டர்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறிய மேகப்படம். பெயர் இங்கே இருக்கிறது, பொருள் கிளவுடில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று அப்படி மாற்றி வைத்தவளே அவள்தான். ‘குற்றாலலிங்கம்’ என்ற ஃபோல்டரைத் தட்டினாள். நீல வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில், இணைப்பு இல்லை.

“தாணு! நெட் என்னாச்சுடே?”

தம்பி கூடத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். “மோடத்தைக் கழட்டிட்டுத்தான்க்கா அப்பா பெட்டிக்குக் கரண்ட் குடுத்திருக்கு. அங்க வேற பிளக் கிடையாது.”

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்; வரவில்லை. அழுகையும் வரவில்லை. தலைக்குள் ஒரு சூடு மட்டும் ஏறியது. “உன் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுத் தா.”

தாணு போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். திரையின் மேல் பகுதியில் சிவப்புப் பட்டை வந்தது. இடம் நிறைந்துவிட்டது.

“இதுதான்க்கா பிரச்சினை. இடமில்லாமத்தான் இழுக்குது. குப்பைத் தொட்டியைக் காலி பண்ணிரு, சரியாயிரும்.” அவன் விரல் நீண்டது.

“தொடாத!”

கூடத்தில் பேச்சு நின்றது. சித்தி எட்டிப் பார்த்தாள். தாணு கையை இழுத்துக்கொண்டான்.

“எதுக்கு இந்தக் கத்து கத்துதே? குப்பைதானே?”

அந்தக் குப்பைத் தொட்டிக்குள் என்ன கிடக்கிறது என்பது இந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இருபத்தெட்டு நாள் முன்பு இதே சிவப்புப் பட்டை. அப்பாவின் கணக்கைத்தான் வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் டீச்சராக இருக்கும் பள்ளியின் மெயில்கள் வராமல் நின்றுபோயின; ஹெட்மாஸ்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்தவள் கண்ணில் ‘பிறத்தியார்’ என்ற ஃபோல்டர் பட்டது. தகரப் பெட்டி துருப்பிடித்த பிறகு அப்பா ஒரு ஸ்கேனர் வாங்கி, கரமனையாற்றுக் கரை லைன் வீடுகளில் இருந்தவர்களின் காகிதங்களை எல்லாம் அதில் ஏற்றியிருந்தார். யாருக்காவது ஒரு காகிதம் உதவிவிட்டால் மறுநாள் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பார். ஊரார் காகிதத்துக்கு நம் வீட்டு இடமா என்று அவள் டெலீட்டை அழுத்தினாள். லேப்டாப்பில் இருப்பதுதான் போகும், மேலே கிளவுடில் இருப்பது அப்படியே இருக்கும் என்று நினைத்தாள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்பது மறுநாள்தான் புரிந்தது. மறுநாள்தான் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும். அந்த அலைச்சலில், மீட்டெடுப்பது நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போனது.

மூக்கில் குழாயோடு அவர் கேட்டார். “மாடத்தி ஃபோல்டர் பத்திரமா இருக்கா மக்களே?”

“இருக்குப்பா.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. மகள் சொன்னால் சரிதான் என்று இருந்துவிட்டார்.

வட்டம் நின்றது. ஃபோல்டர் திறந்தது. அப்பாவின் பெயரில் இருந்த ஃபோல்டரில் மொத்தம் மூன்று கோப்புகள். ஆதார், பென்ஷன் புத்தகம், ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். அவ்வளவுதான். கௌசல்யா ஆதாரை ஷிபுவின் போனுக்கு அனுப்பினாள்.

“கிட்டி சேச்சி” என்று அவன் ஓடினான்.

யாரோ ஒரு தம்ளரை அவள் முன் நீட்டினார்கள். ஆற்றுக் கரை லைன் வீட்டுச் சுடலைமாடத்தி. வேலை பார்க்கும் ஓட்டலிலிருந்து பெரிய ஃபிளாஸ்க் நிறையப் பாலில்லாத கட்டன்சாயா கொண்டு வந்திருந்தாள். அடுப்பு மூட்டாத வீட்டில் காலையிலிருந்து எல்லோர் தொண்டையையும் நனைத்தது அதுதான்.

“ரெண்டு மடக்கு குடிங்க டீச்சரக்கா. சாரு இருந்தா என்னயத்தான் வைவாவ, புள்ளைக்கு ஒண்ணும் குடுக்கலியான்னு.”

கௌசல்யா தம்ளரை வாங்கினாள். “புதன்கிழமைதானே உங்க நஷ்டஈட்டு விசாரணை?”

“அது கெடக்கட்டும்க்கா. எங்க வீட்டுக்காரரு வேலைக்கு நின்ன சீட்டெல்லாம் சாருகிட்ட பத்திரமா இருக்கு. எங்க ரூமுல கெடந்த ஒரிசினல்தான் வெள்ளத்துல கூழாப் போச்சே. லிங்கமுன்னு ஒரு ஆளே எங்ககிட்ட நிக்கலன்னு அந்தக் காண்டிராக்டரு சொல்லுதான். சாரம் வழுக்கி விழுந்து செத்த மனுசன, இல்லவே இல்லங்கான்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “இப்ப அதையா பேசுறது? நீங்க குடிங்க.”

சாயா சூடாக இருந்தது. கௌசல்யா தம்ளரை அப்படியே மடிக்கணினி பக்கத்தில் வைத்தாள்.

இரண்டே காலுக்கு அப்பாவைத் தூக்கினார்கள். ஆண்கள் போனார்கள். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். மாடத்தி மற்றவர்களோடு சேர்ந்து கூடத்தில் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினாள். பிறகு எல்லோரும் கொல்லையில் குழாயடிக்குக் குளிக்கப் போனார்கள்.

கௌசல்யா மட்டும் உள்ளே வந்து மடிக்கணினியைத் திறந்தாள். மோடத்தைப் பழைய இடத்தில் செருகினாள். குப்பைத் தொட்டியில் ‘பிறத்தியார்’ கிடந்தது. இன்னும் இரண்டு நாள், அதன்பின் நிரந்தரமாக நீக்கப்படும்.

‘மீட்டெடு’ என்பதை அழுத்தினாள். போதிய இடம் இல்லை என்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே.

எரிச்சலோடு ஒவ்வொரு ஃபோல்டரும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்தாள். ஊரார் காகிதம் முழுவதும் சேர்ந்தே ஒரு சிறு துணுக்குத்தான். மிச்சம் இடத்தை எல்லாம் அடைத்துக்கொண்டிருந்த ஃபோல்டரின் பெயர் ‘கௌசல்யா’. நாலு போன்களிலிருந்து தானாகவே ஏறிய வீடியோக்கள். மூணாறு டூர். ஆண்டு விழா ஒத்திகை. சேலைக் கடையில் ஏழு சேலைகளை மாற்றி மாற்றித் தோளில் போட்டுப் பார்த்தது. ஒரே வீடியோ மூன்று பிரதிகள். எதையும் அப்பா அழிக்கவில்லை. இதனால்தான் நிறைகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.



மூணாற்றை அழித்தாள். சேலைகளை அழித்தாள். ஒத்திகையை அழித்தாள். சிவப்புப் பட்டை மஞ்சளாகி, பிறகு மறைந்தது. மீட்டெடு.

“கௌசல்யா, குளிக்க வரலியாட்டி? தீட்டோட என்ன கம்ப்யூட்டர்?” கொல்லையிலிருந்து சித்தி.

“வாறேன் சித்தி.”

‘பிறத்தியார்’ வந்தது. அதற்குள் பதினெட்டுப் பெயர்கள். கடைசியில் அப்பா ஒற்றை விரலால் தட்டி வைத்த பெயர்: ‘மாடத்தி - அழிக்கக் கூடாது’. அன்று அவள் திறந்துகூடப் பார்க்காதது. அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி, ‘எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு’ என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

உள்ளே வருகைச் சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கத் தொடங்கின. ஒவ்வொன்றிலும் மாடத்தியின் கணவன் லிங்கத்தின் கோணல் கையெழுத்து. ஒவ்வொரு மேகமாக மறைந்து, அந்த இடத்தில் ஒரு பச்சைக் குறி விழுந்தது. மொத்தம் நூற்று நாற்பத்தாறு.

கொல்லையில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. மாடத்தி யாருக்கோ சோப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சித்தி மறுபடியும் கூப்பிட்டாள்.

கௌசல்யா எழுந்திருக்கவில்லை. ஈரத் தரையிலிருந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசிக் குறி பச்சையாகும் வரை உட்கார்ந்திருந்தாள்.