வெட்டுக்கிளியின் வால்

கொண்டாட வந்த இடத்தில் அப்பா லிஃப்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் ஏறி வந்த லிஃப்ட், மாடியில் நிற்கும்போது லேசாகக் குலுங்கியதாம். "பிரேக் தேஞ்சிருக்கு. சீக்கிரம் பாக்கச் சொல்லுங்க" என்று, மெனு அட்டையை நீட்டிய பணியாளரிடமே சொன்னார். அவரும் பாவம், "சொல்லிடறேன் சார்" என்று தலையாட்டினார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் ஏறுவார். "இன்னிக்கு ஒரு நாளாவது அந்த லிஃப்டை நிம்மதியா விடுங்களேன்" என்றாள் அம்மா. அப்பா மெனு அட்டையை விரித்துக்கொண்டார். ஆனால் லிஃப்ட் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

என் தங்கை தேசிய அணியின் பயிற்சி முகாமுக்குத் தேர்வாகியிருந்தாள். அதற்காகத்தான் இந்த வெள்ளை விரிப்பு, கண்ணாடிக் கோப்பை, மடித்து நிற்க வைத்த கைதுடைக்கும் துணி எல்லாம். வீட்டில் அவளுக்கு வெட்டுக்கிளி என்று பெயர். நடக்கப் பழகுவதற்கு முன்பே கட்டிலில் இருந்து குதிக்கப் பழகியவள் என்பதால் அப்பா வைத்தது. அவள் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகத் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டுக் கடிகாரம் அவள் பயிற்சிக்குத்தான் ஓடுகிறது. சமையல் அவளுக்காக, லீவு அவளுக்காக, டிவியில் சத்தம் குறைவதும் அவள் தூக்கத்துக்காக. நான் அவளைவிட ஆறு வயது பெரியவள். எனக்குப் பட்டப்பெயர் எதுவும் இல்லை. யாருக்கும் அந்த யோசனை வரவில்லை.

மேஜையில் எங்களோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மாஸ்டர், தங்கையின் பயிற்சியாளர். இன்னொன்று வால். பயிற்சிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பெரிய பிள்ளையிடமும் ஒரு சின்னப் பிள்ளையை மாஸ்டர் ஒப்படைத்துவிடுவார். கொண்டை போட்டுவிடுவது, உடம்பை வளைக்கச் சொல்லித்தருவது, அழுதால் சமாதானம் செய்வது எல்லாம் பெரியவள் பொறுப்பு. அந்தச் சின்னதுக்குப் பெயர்தான் வால். தங்கையின் வாலுக்கு ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் வாசல் திறந்து கிடக்கும். அவளுடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி என்பதால் மாஸ்டரே தன் வண்டியில் அழைத்து வந்திருந்தார். தங்கை மாதிரியே உச்சந்தலையில் கொண்டை. தங்கை மாதிரியே கையைப் பாதி மூடும் நீளக் கைச் சட்டை. தங்கைக்கு மோவாயில் ஒரு மச்சம் உண்டு. வாலுக்கும் அதே இடத்தில் ஒரு மச்சம் இருந்தது, பேனாவால்.

"இந்த நீளக் கையைத் தைச்சுத் தைச்சே நான் ஓஞ்சு போயிட்டேன் மாஸ்டர்" என்றாள் அம்மா. ஓய்ந்து போனவள் குரலாக அது இல்லை, பெருமை வழிந்தது. அம்மா தையல்காரி. "இவ ஒரு நாள் வந்து, போட்டி டிரஸ்ல கை மணிக்கட்டைத் தாண்டி வரணும், அதுதான் இப்ப ஸ்டைலுன்னா. சரின்னு தைச்சுக் குடுத்தேன். மறுவாரம் பாத்தா அங்க இருக்கிற சின்னது அத்தனைக்கும் அதே கை வேணுமாம். அம்மாக்காரிங்க எல்லாம் என் வாசல்ல நிக்கிறாங்க."

"இவ தும்மினா அங்க எல்லாம் தும்மும்" என்று மாஸ்டர் சிரித்தார். "நல்லதுதானே? இப்படி ஒரு பிள்ளை முன்னால நின்னாப் போதும், நான் தொண்டை கிழியக் கத்த வேண்டாம். ஞாயித்துக்கிழமை சின்னதுங்க எல்லாத்தையும் உக்கார வச்சு, இவளையே பேசச் சொல்லப் போறேன்."

தங்கை குனிந்து சிரித்தாள். மாஸ்டர் மோசமான மனிதர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளை அடிக்கமாட்டார், வீடு வரை கொண்டுவந்து விடுவார். அவருக்கு ஒரே மந்திரம்தான்: விழுந்தால் எழுந்திரு, எழுந்தால் சிரி. போட்டிகளில் பார்த்திருக்கிறேன். கையகல மரக்கட்டைமேல் ஆடும்போது அதிலிருந்து இடுப்பொடிய விழுந்த பிள்ளை, எழுந்து இரண்டு கையையும் தூக்கிப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். எனக்குக் கை தட்ட வராது. சுற்றிலும் கை தட்டுவார்கள்.

சூப் வந்தது. எல்லாரும் குடித்துக்கொண்டிருக்கும்போது வாலின் பக்கமிருந்து சொட்டுச் சொட்டாக விரிப்பில் விழுந்தது. கரண்டி கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவே தள்ளாடிக்கொண்டிருந்தது.

"ஏய் வாலு, சோத்துக் கை எங்க போச்சு? பீச்சாங்கையில குடிக்கிற?" என்று கேட்டேன்.

"அக்கா இப்ப இப்படித்தான் சாப்பிடுவாங்க பெரியக்கா" என்றது வால், பெரிய மனுஷி மாதிரி.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மேஜையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்றார் மாஸ்டர். தங்கையும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. மரக்கட்டையில் இருந்து விழுந்தபின் வருவது. அவளுடைய கரண்டி இடது கையில் இருந்தது. வலது கை மடியில், விரிப்புக்குக் கீழே இருந்தது.

எனக்கு வேலை மொபைல் ரிப்பேர் கடையில், முன்மேஜையில். வருகிறவர் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "கீழ விழவே இல்லைங்க, தானா இப்படி ஆயிடுச்சு." கண்ணாடி சுக்குநூறாக இருக்கும், முகத்தில் ஒரு பச்சைக் குழந்தைக் களை இருக்கும். நாள் பூராவும் அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது பழகிவிட்டது. ஆனால் என் வீட்டிலேயே அந்த முகம் இருந்தது எனக்குத் தெரியவில்லை. தங்கை கொஞ்ச காலமாக எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள். மகாராணிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று நினைத்தேன். எனக்குள்ளே அதில் ஒரு திருப்தியும் இருந்தது.

கை கழுவும் அறைக்கு எழுந்தேன். "நீயும் வா" என்றேன். அவள் வந்தாள்.

"கையைக் காட்டு."

"எந்தக் கையை?"

"வெட்டுக்கிளி, என் பொழப்பே இதுதான். என்கிட்ட வேண்டாம். காட்டு."

சட்டைக் கையை மெதுவாக ஏற்றினாள். மணிக்கட்டு அவளுடையது மாதிரியே இல்லை. வீங்கி, பளபளவென்று, எலும்பு இருக்கும் இடமே தெரியாமல் இருந்தது. தொடப் போனேன். தொடுவதற்கு முன்பே கையை இழுத்துக்கொண்டாள்.

"எப்பலேர்ந்துடி?"

"தேர்வுக்கு முன்னாடிலேர்ந்து."

"இந்தக் கையோடயா தேர்வுல ஆடின?"

"இந்தக் கையோடதான்" என்றாள். அதில் ஒரு மிடுக்கு இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அறிவிருக்கா உனக்கு? யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. உடை மாத்துற ரூம்ல ஐஸ் வைக்கிறதை வாலு மட்டும் பாத்துட்டா. சொல்ல மாட்டா." பிறகு குரல் இறங்கியது. "முகாமுக்குப் போயிட்டா அங்க டாக்டர் இருப்பாங்கக்கா. அங்க போய்ச் சொல்லிக்கிறேன். இப்ப சொன்னா இடம் போயிடும். எனக்கு அடுத்தவ ரெடியா நிக்கிறா."

"கை போயிட்டா?"

"கை எங்கயும் போகாது." குழாயைத் திறந்து இடது கையை மட்டும் நனைத்தாள். "நீ சொல்லிடுவியா?"

"சொன்னா என்ன பண்ணுவ?"

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். உனக்கு நான் போறதே பிடிக்கலைன்னு அம்மா சொல்வாங்க. அவ்வளவுதான்."

மிரட்டவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னாள். அந்த வீக்கத்தைப் பார்த்த நொடியில் எனக்குப் பயம் வந்தது உண்மை. கூடவே இன்னொன்றும் வந்தது. இவள் நின்றுபோனால் நம் வீடு மறுபடியும் எல்லாருடைய வீடாகும் என்று ஒரு ஓரத்தில் ஒரு குரல் கேட்டது. கேட்டதா இல்லையா என்று எனக்கே தெரியாதபடி கேட்டது. அப்படிப்பட்டவள் எந்த மூஞ்சியோடு போய், இவள் நல்லதுக்காகச் சொல்கிறேன் என்று சொல்வது? சொன்னால் பொறாமை. சொல்லாவிட்டால் கை. கண்ணாடியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மேஜை நிரம்பியிருந்தது. வறுத்த கோழி, நூடுல்ஸ், வேகவைத்த காய்கள். அப்பா எனக்குப் பிடித்த துண்டைத் தேடி எடுத்து என் தட்டில் வைத்தார். அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மடித்த துணியைப் பிரித்தேன், மடித்தேன், மறுபடி பிரித்தேன். "என்னடி, எறும்பு கடிக்குதா?" என்றாள் அம்மா. தங்கை எதிரே உட்கார்ந்து, கோழியை இடது கை முள்கரண்டியாலேயே பிய்க்கப் போராடிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் வாலும் அதே போராட்டத்தில் இருந்தது. நான் எட்டி, வாலின் கோழியைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கொடுத்தேன். தங்கையின் தட்டையும் இழுத்து அதையும் வெட்டினேன். சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டிருந்தேன். கோழை என்று திட்டினால் திட்டிக்கொள்ளலாம்.

"என்ன, தங்கச்சிக்கு இன்னிக்கு ராஜ உபசாரம்" என்றார் மாஸ்டர். பிறகு நல்ல மனநிலையில் நாற்காலியில் சாய்ந்து, வாலிடம் கேட்டார். "வாலு, எல்லாருக்கும் சத்தமாச் சொல்லு பாக்கலாம். அக்கா மாதிரி ஆகணும்னா என்ன செய்யணும்?"

வால் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. "விழுந்தா எந்திரிக்கணும்."

"அப்புறம்?"

"எந்திரிச்சாச் சிரிக்கணும்."

"சபாஷ். அவ்வளவுதானே?"

"வலிச்சா யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று முடித்தது வால்.

அப்பா சிரிக்கத் தொடங்கி, மாஸ்டர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அதை நான் சொல்லலையே" என்றார் மாஸ்டர். "யாரு சொன்னது?"

வாலுக்கு என்னவோ தப்பாகிவிட்டது என்று புரிந்தது. தங்கையைப் பார்த்தது. வாயைப் பொத்திக்கொண்டது. மேஜைக்குக் கீழே என் காலில் ஒரு கால் பட்டது. தங்கை என்னை உதைக்கிறாள் என்று நினைத்தேன், இல்லை. நாற்காலியோடு வாலின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"உன் கையைக் குடு" என்றாள்.

வால் இடது கையை நீட்டியது.

"அந்தக் கை."

"வேண்டாங்க்கா."

"வலிக்குதா?"

"இல்லையே" என்று வால் சிரித்தது. பல் இல்லாத வாசல் முழுக்கத் திறந்து, அப்படி ஒரு சிரிப்பு. மேடையில் நின்றிருந்தால் நடுவர்கள் மதிப்பெண்ணை வாரி வழங்கியிருப்பார்கள். தங்கை அந்தச் சட்டைக் கையை மடித்துக்கொண்டே போனாள். அம்மா பார்த்துப் பார்த்துத் தைத்த கை. உள்ளே அந்தச் சின்ன மணிக்கட்டு சிவந்து உப்பியிருந்தது. அம்மா "ஐயோ" என்றாள்.

"எப்ப ஆச்சு?"

"பாய்க்கு வெளிய விழுந்தேன்ல, அன்னிக்கு" என்றது வால், சிரிப்பு மாறாமல். "நான் யார்கிட்டயும் சொல்லலக்கா. எங்கம்மாகிட்டக்கூடச் சொல்லல. நானும் ஐஸ் வச்சேன்."

பாராட்டை எதிர்பார்த்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. என் தங்கையை இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ வகையில் வெறுத்திருக்கிறேன். அந்த நிமிடம் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த வலது கையைத் தூக்கி, இடது கையால் தாங்கி, தட்டுகளுக்கு நடுவே விரிப்பின்மேல் வைத்தாள்.

"எனக்கும்தான் மாஸ்டர்" என்றாள். "தேர்வுக்கு முன்னாடிலேர்ந்து."

உதடு கோணி, மூக்கு சிவந்து, அழுதாள். இரண்டு கையும் தூக்கிச் சிரிக்கிற பெண்ணா இது என்று கேட்கும்படி அசிங்கமாக, சத்தமாக அழுதாள். வால் அவளையே பார்த்தது. இப்படி ஒன்றை அது பார்த்ததே இல்லை. அதன் சிரிப்பு கொஞ்ச நேரம் தனியாக நின்றது, பிறகு அதுவும் சரிந்தது. மறுநொடி அந்த உணவகமே திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அலறத் தொடங்கியது. எத்தனை நாள் அழுகையோ.

"வலிக்குதுக்கா" என்றது விக்கலுக்கு நடுவே. "ரொம்ப வலிக்குது. ஊதி விடுக்கா."

தங்கை குனிந்து அந்தக் கையில் ஊதினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி ஊதினாள். அம்மா எழுந்து அவள் பின்னால் வந்து நின்றாள், எங்கே தொடுவது என்று தெரியாமல் கொண்டையைத் தொட்டாள். அப்பா பணியாளரைக் கூப்பிட்டு ஐஸ் கேட்டார். குடிக்கவா என்று அவர் கேட்டதற்கு அப்பா தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். எதிரே மாஸ்டர் போனைக் கையில் எடுத்தார். முகாம்காரர்களின் எண்ணையா, டாக்டரின் எண்ணையா, எதைத் தேடினார் என்று தெரியவில்லை. திரையில் விரலை வைத்தார், எடுத்தார், போனைத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். பிறகு மறுபடி எடுத்தார்.