மூன்றாம் நிமிடம், பன்னிரண்டாம் நொடி

தமிழ்மதியின் வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கிவிடும். திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு பரிசோதனைக் கூடத்தில் அவள் ரத்தம் எடுப்பவள். வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு அவள் கைமேல் அப்படியொரு நம்பிக்கை. எவ்வளவு ஆழத்தில் ஒளிந்து கிடக்கும் நரம்பாக இருந்தாலும் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். "அகரத்துப் புள்ள இருக்கா?" என்று அவள் ஊரைச் சொல்லி வாசலிலேயே கேட்டுவிட்டு உள்ளே வருபவர்கள் உண்டு. மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தப் புள்ள கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஊர் எல்லையில் இருக்கும் ஒரு தோல் குடோனுக்கு ஸ்கூட்டரில் போய், டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு காலாலும் நொடிக்குப் பதினான்கு அடி அடிப்பாள் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது.

இசைக்குழுவின் பெயர் நிணம். மொத்தமே மூன்று பேர். கிட்டார் அக்மல், பிழைப்புக்குக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பவன். பேஸ் கிட்டாரும் குரலும் மன்சூர். சாதாரணமாகப் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே காதில் விழாது, மைக்கைப் பிடித்தால் அடிவயிற்றிலிருந்து உறுமுவான். குடோன் அவன் அப்பா பக்ருதீனுடையது. அவர்கள் வாசித்தது டெக்னிக்கல் டெத் மெட்டல். அதில் வேகம் மட்டும் இருந்தால் போதாது, கணக்கும் பிசகக்கூடாது. பதினொன்றாக எண்ணிக்கொண்டு போகும் தாளம் பாதியில் ஏழாகும், ஏழு ஐந்தாகும், மூன்று பேரும் ஒரே இடத்தில் வந்து விழ வேண்டும். முதன்முதலில் கேட்பவர்களுக்கு அது இரைச்சல். தமிழ்மதிக்கு அது தெள்ளத் தெளிவான கோலம். மதுரையில் படித்தபோது கல்லூரி விழாவுக்கு வாடகைக்கு வந்த டிரம்ஸில் சும்மா உட்கார்ந்து பார்த்தவள், அன்று மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

நான்கு வருட உழைப்புக்குப் பிறகு முதல் ஆல்பம் முடிந்திருந்தது. எட்டுப் பாட்டு, பெயர் ‘உள்தோல்’. சிங்கப்பூரில் ஒரு சின்ன இசை நிறுவனம் அதை சி.டி.யாகப் போடச் சம்மதித்திருந்தது. முன்னோட்டமாக ‘சவ்வு’ என்ற பாட்டை மட்டும் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். சி.டி. அச்சுக்குப் போக இன்னும் எட்டு நாள் இருந்தபோதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

பத்து மணி வாக்கில் டீ குடிக்கும் நேரத்தில் தமிழ்மதி போனைப் பார்த்தாள். பாட்டுக்குக் கீழே ஏகப்பட்ட கருத்துகள். "இது மனுசன் வாசிச்சதில்லை, கம்ப்யூட்டர்" என்று முதல் நாளிலிருந்தே சிலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. அடித்தது பொம்பளைப் பிள்ளை என்று தெரிந்ததும் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். அதையும் அவள் பொருட்படுத்தவில்லை. ஆனால் இன்றைக்கு எழுதியிருந்தவர் பிரேசில் நாட்டு டிரம்ஸ்காரர் ஒருவர். அவர் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. மூன்றாம் நிமிடம் பன்னிரண்டாம் நொடியில் தொடங்கும் நாலு சுற்றையும், அதற்கு முந்தைய நாலு சுற்றையும் ஒலி அலைகளாகப் படம் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டியிருந்தார். இரண்டும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. "எந்த மனிதக் காலும் இரண்டு முறை ஒரே மாதிரி அடிக்காது. இது வெட்டி ஒட்டியது" என்று மட்டும் எழுதியிருந்தார்.

தமிழ்மதி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்தைக் கேட்டாள். தன் அடி எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாலு சுற்று முடிந்து அடுத்த நாலு தொடங்கும்போது அவள் இடது கால் கொஞ்சம் கூடுதலாக அழுந்தும். அவளே வேண்டுமென்று செய்வதில்லை, அது அப்படித்தான். பாட்டில் அந்த அழுத்தம் இல்லை. மறுபடி கேட்டாள். இல்லை. அந்த ஆள் சொல்வது சரி.

மிச்சமிருந்த பதினேழு பேருக்கும் ரத்தம் எடுத்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். பேகம்பூரில் அக்மல் வீட்டு மாடியறைக்கு நேராகப் போனாள். அவன் யாரோ ஒரு மாப்பிள்ளை மாலை மாற்றிக்கொள்வதைத் திரையில் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பாத்துட்டியா மதி?"

"பாத்தேன். எதுக்குப் பண்ணுன?"

"அன்னிக்கி அந்த எடத்துல உனக்குக் கால் ஒருக்கா வழுக்கிருச்சு. ஒரே ஒரு அடி. மத்தபடி டேக் அருமையா இருந்துச்சு. நீ ஏற்கெனவே பதினாலு டேக் வாசிச்சு, கெண்டக்கால் வீங்கிப் போய் உக்காந்திருந்த. முடிஞ்சுதுன்னு சொன்னதும் உம் மூஞ்சில அம்புட்டுச் சந்தோசம். திரும்ப வாசின்னு எப்படிச் சொல்றது? முன்னாடி நாலு சுத்த எடுத்துப் பின்னாடி வச்சேன். எல்லாரும் பண்றதுதேன்."

"எங்கிட்ட கேட்டியா?"

அக்மல் திரையிலிருந்த மாப்பிள்ளை பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இந்த எடம் மட்டுந்தானா?"

"ஆறு எடம்" என்றான் திரையைப் பார்த்தபடி.

தமிழ்மதி கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கோபம் இல்லை. நான்கு வருடமாகக் கூடவே இருந்தவன், அவளால் முடியாது என்று ஆறு தடவை அவளுக்குத் தெரியாமலே முடிவு செய்திருக்கிறான். அதுதான் சுட்டது.

"டிரம்ஸ்னு எம்பேரு போட்டிருக்கு அக்மல். நான் வாசிக்காதத நான் வாசிச்சதாச் சொல்ல மாட்டேன். அந்த ஆறு எடத்தையும் வாசிச்சுத் தாரேன். கெளம்பு."

"இப்பவா?"

"பொறவு எப்ப? அடுத்த புதங்கிழம அச்சுக்குப் போகுது."

குடோனில் மன்சூர் வாசலிலேயே நின்றிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தமிழ்மதி உள்ளே போய்விட்டாள். ஆல்பம் முடிந்த பிறகு ஒரு வாரமாக அவள் இங்கே வரவில்லை; போனவள் நடுவில் நின்றுவிட்டாள். ஆளுயரத்துக்கு மேல் அடுக்கியிருந்த தோல் முழுக்கக் காணாமல் போயிருந்தது. டிரம்ஸும் நாலு சுவரும் தகரக் கூரையும்தான் மிச்சம்.

"ஞாயித்துக்கிழம ரெண்டு லாரில ஆம்பூருக்குப் போயிருச்சு" என்றான் மன்சூர் தன் மெல்லிய குரலில். "வர்ற திங்கக்கிழமைலருந்து அத்தா இத வெங்காயத்துக்கு வாடகைக்கு விட்டிருக்காக."

அக்மல் ஒரு தடவை கைதட்டிப் பார்த்தான். சத்தம் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். தோல் அடுக்குகள் சத்தத்தைக் குடித்துவிடும் என்பதால்தான் இந்தக் குடோனில் ஒலிப்பதிவே செய்தார்கள். எட்டுப் பாட்டும் அந்த வறண்ட, நெருக்கமான சத்தத்தில் இருந்தன. இப்போது ஆறு துண்டை மட்டும் இங்கே வாசித்துச் சேர்த்தால், நடு நடுவே வேறு யாரோ வேறு எங்கேயோ வாசிப்பது மாதிரி இருக்கும்.

தமிழ்மதி ஸ்னேர் டிரம்மை ஒரு தட்டுத் தட்டினாள். சத்தம் எழும்பி, சுவரெல்லாம் தொட்டு, பெரிதாகித் திரும்பியது. இன்னொரு தட்டு. அவளுக்கு அது பிடித்திருந்தது. இத்தனை நாள் ஏதோ போர்வைக்குள் உட்கார்ந்து வாசித்தது போலவும் இப்போதுதான் வெளியே வந்தது போலவும் இருந்தது.

"எட்டையும் திரும்ப வாசிக்கிறேன்" என்றாள்.

"ஏலே, இவ என்ன சொல்றா?" என்று மன்சூரைக் கேட்டான் அக்மல். "மொத வாட்டி அஞ்சு வாரம் ஆச்சு மதி."

"அப்பப் பாட்டு எனக்கே புதுசு. எண்ணி எண்ணி வாசிச்சேன். இப்ப எண்ண வேண்டியதில்ல. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நாலு நாள், நாளைக்கு ரெண்டு பாட்டு. கிட்டாரும் குரலும் காதுல கேக்குற தாளக் கிளிக்குக்குத்தான வாசிச்சது, அது அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டும் தொடக்கத்துலருந்து முடிவு வரைக்கும் ஒரே டேக். தப்பு வந்தா முதல்லருந்து."

"சத்தத்தக் கூட்டிக் கொறைக்கவாவது விடுவியா?"

"அது உன் வேல. பண்ணு. அடியத் தொடாத."

தமிழ்மதி வேலைக்கு ஞாயிறு வரை விடுப்பு சொன்னாள். புதன்கிழமை முழுக்க மைக்குகளோடு மல்லுக்கட்டினார்கள். எதிரொலி மெதுவான பகுதிகளுக்கு அழகாக இருந்தது; வேகம் கூடியதும் ஒரு அடி அடங்குவதற்குள் அடுத்த அடி அதன்மேல் ஏறி எல்லாம் குழம்பியது. பின்சுவரை மட்டும் மூடினால் சரியாகும் என்றான் அக்மல். தமிழ்மதி அகரத்துக்கு போன் போட்டாள். சாயங்காலம் அவள் அப்பா பெருமாள்சாமி குட்டியானை வண்டி நிறையச் சம்பங்கிப் பூ கட்டும் சாக்குகளை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். எதற்கு என்று கேட்கவில்லை. சாக்குகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பிறகு அவள் ஒரு பாட்டை வாசித்துப் பார்த்தாள். கால்வாசி நேரம் அவர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். முடிந்ததும் பக்கத்தில் வந்து, "கையி வலிக்கலயா?" என்றார்.

"கால்தேன் வலிக்கும்பா."

"வெந்நி வச்சு ஊத்து" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

வியாழக்கிழமை தொடங்கியது. தகரக் கூரைக்குக் கீழே பதினோரு மணிக்கே வேகும். காற்றாடி போட்டால் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்தியிருந்தார்கள். தோலின் பழைய வாடையும் சம்பங்கி வாடையும் கலந்து அடித்தன. முதல் பாட்டு மூன்றாவது டேக்கில் சரியாக விழுந்தது. இரண்டாவது பாட்டு முதல் டேக்கிலேயே. வெள்ளிக்கிழமை, மன்சூரும் அக்மலும் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு வருவதற்குள் அவள் மூன்றாவது பாட்டின் கடினமான இடத்தைத் தனியாக நாற்பது தடவை வாசித்திருந்தாள். சனிக்கிழமை மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்டு கிடையாது. அக்மல் தன் கல்யாணத் தொழில் பழக்கத்தில் ஒரு ஜெனரேட்டரைப் பிடித்து, ஐம்பதடி தள்ளி வேப்பமரத்தடியில் நிறுத்தி வயர் இழுத்தான். பக்ருதீன் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, கல்யாணத்துக்குக்கூட இம்புட்டுப் பாடு படமாட்டாங்களே" என்றார். மத்தியானம் வீட்டிலிருந்து மூன்று பேருக்கும் சாப்பாடு அனுப்பினார்.

இரண்டு பாட்டுகளில் சின்னச் சின்னப் பிசிறு இருந்தது. ஒரு இடத்தில் சிம்பல் தட்டு கொஞ்சம் முந்தியது. "மறுபடி போவமா?" என்று கேட்டான் அக்மல். கேட்டான் என்பதைத் தமிழ்மதி கவனித்தாள். யோசித்து, "இருக்கட்டும், அது ஓடுற ஓட்டத்துல வந்தது" என்றாள்.

‘சவ்வு’ ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மிஞ்சியது. முதல் டேக்கில் இரண்டாம் நிமிடத்தில் குச்சி உடைந்தது. இரண்டாவது டேக் அந்த இடம்வரை வந்து, இடது கால் அதே அடியில் வழுக்கியது. அக்மல் பதிவை நிறுத்தி முதலுக்கு ஓட்டினான். மன்சூர் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். தமிழ்மதி செருப்பில்லாத காலைச் சாக்கில் துடைத்துக்கொண்டு, பெடலின் ஸ்பிரிங்கை அரைத் திருகு தளர்த்தினாள். பதினாலு தடவை வாசித்த நாளில் இதைத்தான் செய்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அன்று வேகத்துக்குப் பயந்து ஸ்பிரிங்கை இறுக்கிக்கொண்டே போயிருந்தாள். இறுகிய பெடல் காலைத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

மூன்றாவது டேக். மூன்றாம் நிமிடம் வந்தது. நாலு சுற்று. அடுத்த நாலின் வாசலில் இடது கால் எப்போதும் போலக் கூடுதலாக அழுந்தி, வழுக்காமல், போய்க்கொண்டே இருந்தது. கடைசி அடி கூரையில் போய் ஓய்ந்து தீரும்வரை மூவரும் அசையவில்லை. பிறகு மன்சூர் பாட்டுக்கு உறுமுவதுபோல வெறுமனே ஒரு உறுமல் உறுமினான். ஜெனரேட்டரை ஏற்றிப் போக வந்திருந்த ஆள் பயந்து வாசலைவிட்டு விலகினார்.

அன்று சாயங்காலமே தமிழ்மதி பிரேசில்காரருக்குப் பொதுவிலேயே பதில் எழுதினாள். "நீங்கள் சொன்னது சரி. அந்த இடத்தை நாங்கள் வெட்டி ஒட்டியிருந்தோம். அந்த ஒன்று மட்டுமில்லை, மொத்தம் ஆறு இடம். எட்டுப் பாட்டையும் திரும்ப வாசித்துவிட்டோம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுகிறோம்." அனுப்புவதற்கு முன் அக்மலிடம் காட்டினாள். அவன் ‘நாங்கள்’ என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றான்.

"நான்னு போடு. பண்ணுனது நாந்தேன்."

"குழு மூணு பேரு. நாங்கதான் பண்ணுனோம்" என்று அவள் அனுப்பிவிட்டாள்.

இரண்டு நாள் நல்ல கேலி நடந்தது. ஒப்புக்கொண்டதையே ஆயுதமாக எடுத்துக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். புதிய ‘சவ்வு’ ஏறியதும் பிரேசில்காரர் அதையும் படம் பிடித்துப் போட்டு, எட்டுச் சுற்றும் எட்டு விதம் என்று எழுதினார். அதோடு பேச்சு அடங்கியது. அக்மல் மூன்று ராத்திரி தூங்காமல் ஒலி கலந்து முடித்த ஆல்பம் குறித்த நாளில் அச்சுக்குப் போனது. வெளிவந்த பிறகு ஒரு விமர்சகர் டிரம்ஸ் சத்தம் தகரக் கொட்டகைக்குள் கேட்பதுபோல் இருக்கிறது என்று குறை சொன்னார். இன்னொருவர் அதையே மெச்சினார். தமிழ்மதி இரண்டையும் மன்சூருக்கு அனுப்பி, "ரெண்டு பேரும் சரியாத்தேன் சொல்றாங்க" என்று எழுதினாள்.

டிசம்பரில் பெங்களூரில் ஒரு மெட்டல் விழாவுக்கு அழைப்பு வந்தது. பரிசோதனைக் கூடத்தில் விடுப்பு கேட்டபோது மேலாளர் காரணம் கேட்டார்.

"கச்சேரி சார்."

"நீ பாடுவியாம்மா? சொல்லவே இல்லயே."

"பாட மாட்டேன் சார். டிரம்ஸ்."

அவர் மூன்று நாள் என்று எழுதினார். தமிழ்மதி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"நாலாப் போடுங்க சார். முடிச்சதும் மறுநாள் இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லிக் கேப்பாங்க."