முப்பத்தொன்றாம் பீப்பாய்

இறந்துபோன ஹ்யேரிமின் குரல், மிளகாய் நாற்று நட்ட மறுநாள், மே ஒன்பதாம் தேதி, நீல பிளாஸ்டிக் பீப்பாயிலிருந்து கேட்டது. "அம்மா, மூடிய இறுக்காத. அதுங்களுக்கும் மூச்சு வேணும்ல." மால்சுன் மூடியைத் தளர்த்திவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஹ்யேரிம் அவளுடைய ஒரே மகள், நகரத்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். அவர்கள் ஊரான யொங்யாங்கின் மலைச்சரிவு முழுக்க வேரழுகி மிளகாய்ச் செடிகள் நின்றபடியே வாடிய வருஷம், தாயின் வயலில் சாகாமல் நின்ற ஒற்றைச் செடியின் வேர்மண்ணிலிருந்து, நோயை அண்டவிடாத பாக்டீரியாவைப் பிரித்துக் குப்பியில் கொண்டுவந்தாள். சர்க்கரைப்பாகும் சோயா வேகவைத்த தண்ணீரும் விட்டுப் பீப்பாயில் பெருக்கி வேரில் ஊற்றச் சொன்னாள். அந்தக் குளிர்காலத்திலேயே பனிச்சாலையில் பேருந்து கவிழ்ந்து போய்ச் சேர்ந்தாள். வயது முப்பது.

வயல் பிழைத்தது. பீப்பாய்த் தண்ணீர் வேரில் இறங்கியதும் குரல் ஓய்ந்தது. ஒரு அகப்பை மிச்சம் வைத்து உறையூற்றிய அடுத்த பீப்பாயில் பேசியவளுக்கு இருபத்தொன்பது வயது. அதற்கடுத்ததில் இருபத்தெட்டு. விஷயம் புரிந்ததும் மால்சுன் ஒரு பீப்பாயை ஊற்றாமல் வைத்துக்கொண்டாள். ஒரே மாதத்தில் அது நாற்றமெடுத்து, உள்ளே மகள் இருமத் தொடங்கினாள். அழுதுகொண்டே புதிதாக உறையூற்றினாள்.

பக்கத்து வயல்காரி பில்லியோ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். "பீப்பாய்க்குள்ள பொண்ணு இருக்காளாம். கல்யாணத்துக்கு நம்மளையும் கூப்பிடுவா." பதினைந்தாவது பீப்பாய் நுரைத்துக்கொண்டிருந்தபோது அவளே வந்து நின்றாள். "அக்கா, என் செடியெல்லாம் தலை சாஞ்சிடுச்சு. பேசினத மனசுல வைக்காதீங்க." மால்சுன் வாய் திறக்குமுன் பீப்பாய்க்குள்ளிருந்து பதினாறு வயதுக்காரி சொன்னாள்: "குடும்மா. வீம்பு புடிச்சா செடி பொழைக்குமா?"

பிறகு ஊரே பீப்பாய்த் தண்ணீர் கேட்டு வந்தது. நான்கு கோடைகளில் குரல் வாய்ப்பாடு ஒப்பித்தது, பல் விழுந்து மழலை பேசியது, கடைசியில் "அம்மா" மட்டும் சொன்னது. முப்பத்தொன்றாவதில் பச்சைக்குழந்தையின் அழுகை. அறுபத்தாறு வயது மால்சுனுக்குப் பால் சுரந்து சட்டை நனைந்தது. இரண்டு நாள் பீப்பாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அந்த ஆண்டின் நீண்ட மழையில் பில்லியோவின் கீழ்வயல் வாடத் தொடங்கியிருந்தது. மூன்றாம் நாள் எழுந்து அங்கே போய், யாரையும் தொடவிடாமல், வேர் வேராகத் தானே ஊற்றினாள். கடைசி வரிசையில் அழுகை நின்றது. அடுத்த பீப்பாயும் நோயைத் தடுத்தது. ஆனால் அதில் கேட்டது நுரைக்கும் சத்தம் மட்டும்தான்.

பில்லியோ, பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சும் கடற்பாசி சூப்பைக் கொண்டுவந்தாள். "ஆறிடும், குடிங்க அக்கா." போகும்போது, பெண் பிறந்த வீட்டுக்குக் கட்டுவதுபோல், கரியும் பைன் கொத்தும் செருகிய வைக்கோல் கயிற்றை வாசலில் கட்டினாள். பிள்ளை பிறந்த வீட்டுக்குள் வெளியார் நுழையாத ஊர் வழக்கப்படி, இருபத்தொரு நாள் யாரும் அந்தப் படியேறவில்லை.